வீட்டுக்கு வந்த டிரம்மர்: நான்கு டிரம் சாப்ட்வேர்கள், ஓர் ஒப்பீடு

பாட்டு எழுதத் தெரியும். கீபோர்டிலோ கிட்டாரிலோ மெட்டுப் போடவும் வரும். கம்ப்யூட்டரும் வாங்கியாயிற்று. மைக்கைச் செருகி ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்டால் ஏதோ ஒன்று குறைகிறது. பெரும்பாலும் அது தாளமாகத்தான் இருக்கும். டிரம்ஸ் செட் ஒன்றை வாங்கி வீட்டில் வைக்கலாம் என்றால் இடம் வேண்டும், பணம் வேண்டும், இவை இரண்டுக்கும் மேலாக அக்கம்பக்கத்தாரின் பொறுமை வேண்டும். வாசிக்க ஆள் கிடைத்தாலும், அதைச் சரியாகப் பதிவு செய்ய எட்டுப் பத்து மைக்குகள் தேவைப்படும்.

இதற்குக் கம்ப்யூட்டர் தரும் வழிதான் விர்ச்சுவல் டிரம் சாப்ட்வேர். இலவசமாகவும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய் கொடுத்தும் வாங்கலாம். சில எம்.பி. அளவிலும் உண்டு, ஹார்ட் டிஸ்க்கையே விழுங்கும் அளவிலும் உண்டு. இவற்றில் எதை எடுப்பது? விலை கூடினால் தாளமும் நன்றாக இருக்குமா? இதைத் தெரிந்துகொள்ள நான்கு சாப்ட்வேர்களை எடுத்து, ஒரே தாளத்தை நான்கிலும் ஓட்டிப் பார்த்தேன். அதில் கிடைத்த விடையைத்தான் இந்தக் கட்டுரையில் தருகிறேன்.

விர்ச்சுவல் டிரம் எப்படி வேலை செய்கிறது?

ஒரு ஸ்டுடியோவில் நல்ல டிரம்மர் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக எனப் பல விதங்களில் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு அடியும் ஒரு தனி ஒலித் துண்டு. இதற்கு சாம்பிள் என்று பெயர். இந்த சாம்பிள்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து அமர்கின்றன. நீங்கள் கட்டளை கொடுக்கும்போது, தேவையான சாம்பிளை எடுத்து சாப்ட்வேர் ஒலிக்கச் செய்கிறது.

அந்தக் கட்டளையின் பெயர் மிடி. புதியவர்கள் பலரும் மிடி பைலை எம்.பி.3 போன்ற ஒலி பைல் என்றே நினைக்கிறார்கள். அதில் ஒலியே கிடையாது. 'இந்த நேரத்தில், இந்தக் கருவியை, இவ்வளவு பலமாக அடி' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். சமையல் குறிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் மிடிக்கும் ஒலிக்கும். ஒரே குறிப்பை வெவ்வேறு டிரம் சாப்ட்வேர்களுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் ருசியில் சமைத்துத் தரும். நான் செய்த சோதனையும் இதுதான்.

இதன் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான டிரம்மின் ஒலியை டிஜிட்டல் சாம்பிளாக வைத்து வாசித்த முதல் டிரம் மெஷின், 1980ல் ரோஜர் லின் உருவாக்கிய எல்.எம்.-1. அதே ஆண்டு வந்த ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-808, சாம்பிள் எதுவும் இல்லாமல் மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கியது. 1983ல் மிடி வந்து கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1991ல் ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கு வந்தது. எந்த எண்ணுக்கு எந்த டிரம் என்பது அப்போது முடிவானது. 1996ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பிளக்-இன் முறையைக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் மேஜை மேல் இருந்த டிரம் மெஷின் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குள் குடியேறியது.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகே ஒட்டி வையுங்கள். அடிக்கடி உதவும்.

36 - கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்)
38 - ஸ்னேர்
42 - மூடிய ஹை-ஹேட்
44 - காலால் மூடும் ஹை-ஹேட்
46 - திறந்த ஹை-ஹேட்
49 - க்ராஷ் சிம்பல்
51 - ரைடு சிம்பல்

ஜெனரல் மிடியில் டிரம்ஸுக்கு என ஒதுக்கப்பட்ட சேனல் எண் 10. அடியின் பலத்தை 1 முதல் 127 வரையிலான எண்ணால் குறிப்பார்கள். இதற்கு வெலாசிட்டி என்று பெயர். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

ஏன் இத்தனை ஜி.பி.?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஸ்னேர் அடி 2 விநாடி ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட். ஒரு மைக்கில் பதிவான ஒரு அடிக்கு 2,64,600 பைட், ஏறக்குறைய கால் எம்.பி. ஆகிறது. இதே ஸ்னேரை 10 விதமான பலத்தில், ஒவ்வொரு பலத்திலும் 5 முறை அடித்தால் 50 அடிகள். இதை 12 மைக்குகள் தனித்தனியாகப் பதிவு செய்தால் ஸ்னேருக்கு மட்டும் 150 எம்.பி.க்கு மேல் வந்துவிடும். சிம்பல் ஒலி அடங்கவோ பத்து விநாடிக்கு மேலும் ஆகும். ஒரு முழு செட் பல ஜி.பி. ஆவது இப்படித்தான். 2017ல் வந்த சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற சாப்ட்வேரின் முழு ஒலித் தொகுப்பு 230 ஜி.பி.க்கும் மேல்.

ஒரே பலத்தில் ஏன் 5 முறை அடிக்க வேண்டும்? மனிதன் ஒரே மாதிரி இரண்டு முறை அடிக்க முடியாது. குச்சி படும் இடம் ஒரு நூல் தள்ளினால்கூட ஒலி மாறும். சாப்ட்வேர் ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஒலித்தால், வேகமான அடிகளில் துப்பாக்கி சுடுவது போல 'டடடட' என்று கேட்கும். இதைத் தவிர்க்கத்தான் ஒரே பலத்தில் பல சாம்பிள்களை வைத்துச் சுழற்சி முறையில் எடுக்கிறார்கள். இதை ரவுண்டு ராபின் என்பார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய டிரம் சாப்ட்வேர்களுக்கு 8 ஜி.பி. ராம் இருந்தால் நல்லது. சாம்பிள்களைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி.யில் வைத்தால் விரைவாகத் திறக்கும். கம்ப்யூட்டருடன் வரும் சின்ன ஸ்பீக்கரில் கிக் டிரம்மின் அடித்தொனி கேட்கவே கேட்காது. எனவே காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று கட்டாயம் தேவை.

அடுத்தது லேட்டன்சி. நீங்கள் ஒரு கட்டையைத் தட்டியதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையில் ஏற்படும் தாமதம்தான் இது. சவுண்ட் கார்டு ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்த மூட்டையின் அளவே பபர். பபர் 2048 மாதிரிகள் என்றால் தாமதம் சுமார் 46 மில்லி விநாடி. தட்டியது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம் என்று எரிச்சலாக இருக்கும். 256 என்றால் சுமார் 6 மில்லி விநாடிதான். காற்றில் ஒலி இரண்டு மீட்டர் தூரம் வருவதற்கு ஆகும் நேரம் அது. யாரும் உணர மாட்டார்கள். விண்டோஸில் ஏசியோ வகை டிரைவர் இருந்தால் பபரை இந்த அளவுக்குக் குறைக்க முடியும். உங்கள் சவுண்ட் கார்டுக்கு அது இல்லையென்றால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுப் பாருங்கள். மவுஸால் கிளிக் செய்து தாளம் எழுதுபவர்கள் இந்தத் தாமதம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மிடி கீபோர்டில் தட்டி வாசிப்பவர்களுக்கே இது முக்கியம்.

கடைசியாக, டிரம் சாப்ட்வேர்களில் பல தனியாக ஓடாது. அவை பிளக்-இன்கள். அவற்றைத் தாங்கி நிற்க ஒரு ரெக்கார்டிங் சாப்ட்வேர் வேண்டும். நான் பயன்படுத்தியது ரீப்பர். 60 நாட்கள் எல்லா வசதிகளுடனும் சோதித்துப் பார்க்கலாம். பிறகு தொடர்ந்து பயன்படுத்த லைசென்ஸ் வாங்க வேண்டும்.

சோதனை நடந்த விதம்

நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், நான்கு எண்ணிக்கை கொண்ட 8 பார்கள் எழுதினேன். ஓடும் நேரம் 19.2 விநாடி. ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், இடைவிடாமல் ஹை-ஹேட், கடைசி பாரில் டாம்களில் ஓர் உருட்டல். முதல் ஏழு பார்களில் மட்டும் ஹை-ஹேட் 112 அடிகள். எல்லோரும் கேட்டுப் பழகிய சாதாரணத் தாளம்தான்.

இதையே இரண்டு விதமாக வைத்தேன். முதல் பைலில் எல்லா அடிக்கும் வெலாசிட்டி 100. இரண்டாவது பைலில் ஹை-ஹேட்டுக்கு 95, 50, 75, 50 என்று ஏற்ற இறக்கம். ஸ்னேருக்கு 112. அதன் இடையிடையே 30 அளவில், கேட்டும் கேட்காததுமாகச் சில மெல்லிய அடிகள். சில அடிகளை மிகக் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினேன். நான்கு சாப்ட்வேர்களிலும் இரண்டையும் ஓட்டி, மொத்தம் எட்டு ஒலி பைல்கள் தயாரித்தேன். மெல்லிசைக் குழு ஒன்றில் இருபது ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம், எது எதுவென்று சொல்லாமல் கேட்கக் கொடுத்தேன். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான்கையும் பார்த்துவிடுவோம்.

1. ஹைட்ரஜன்

இலவசம் மட்டுமல்ல, திறந்த மூல சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிளக்-இன் அல்ல, தனியாகவே இயங்கும். ரெக்கார்டிங் சாப்ட்வேர் எதுவும் இல்லாமலே இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி.

திறந்தவுடன் இடப்பக்கம் டிரம்களின் பெயர்களும் வலப்பக்கம் கட்டங்களும் தெரியும். கட்டத்தில் கிளிக் செய்தால் ஓர் அடி விழும். மீண்டும் கிளிக் செய்தால் அழியும். கீழே ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு நிற்கும். அதன் உயரம்தான் வெலாசிட்டி. மவுஸால் உயர்த்தலாம், தாழ்த்தலாம். அடியைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நகர்த்தவும் வசதி உண்டு. இப்படி எழுதிய துண்டு ஒரு பேட்டர்ன். பல பேட்டர்ன்களை மேலே உள்ள சாங் எடிட்டரில் வரிசையாக அடுக்கினால் முழுப் பாட்டுக்கும் தாளம் தயார். மிக்ஸரில் ஹியூமனைஸ் என்ற பகுதி இருக்கிறது. அதிலுள்ள குமிழ்களைத் திருப்பினால் பலத்திலும் நேரத்திலும் லேசான தடுமாற்றத்தைச் சேர்க்கும்.

சாம்பிள்களின் எண்ணிக்கை பெரிய சாப்ட்வேர்களைவிடக் குறைவு. முதல் பைலின் சமமான அடிகளில் 'டடடட' ஒலி இதில்தான் மிகத் தெளிவாகக் கேட்டது. ஆனால் வேறொரு முக்கியமான பயன் இருக்கிறது. எழுதிய தாளத்தை வேவ் பைலாக மட்டுமின்றி மிடி பைலாகவும் எக்ஸ்போர்ட் செய்யலாம். நான் சோதனைத் தாளத்தை இதில் எழுதி, மிடியாக வெளியே எடுத்து, மற்ற மூன்றுக்கும் அதையே கொடுத்தேன். தாளம் எழுதிப் பழக இதைவிட நல்ல நோட்டுப் புத்தகம் இல்லை.

2. எம்.டி. பவர் டிரம் கிட் 2

மாண்டா ஆடியோ வெளியிடும் இலவச பிளக்-இன் இது. திறக்கும்போது நன்கொடை கேட்கும் திரை வரும். விருப்பமிருந்தால் தரலாம், இல்லையென்றால் ஸ்கிப் பட்டனை அழுத்தி உள்ளே போகலாம். ரீப்பரில் ஒரு டிராக்கைத் திறந்து, எப்.எக்ஸ். பட்டனை அழுத்தி, பட்டியலில் இதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரம்ஸ் செட்டின் படம் வரும். எந்த டிரம்மைக் கிளிக் செய்தாலும் ஒலிக்கும்.

இதில் இருப்பது ஒரே ஒரு செட். ஆனால் ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்து முடித்தது போன்ற ஒலியுடன் வருகிறது. நீங்கள் எதையும் திருக வேண்டாம். கிட்டாரும் கீபோர்டும் கூட்டமாக ஒலிக்கும் பாட்டில்கூட ஸ்னேர் அமுங்கிப் போகாமல் வெளியே தெரிந்தது. தயார் நிலையில் உள்ள தாளங்கள் பட்டியலாகவே உள்ளே இருக்கின்றன. பிடித்ததை மவுஸால் பிடித்து டிராக்கில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. டிரம்ஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குப் பத்து நிமிடத்தில் பலன் தரும் சாப்ட்வேர் இதுதான்.

குறை என்றால், அந்தத் தயார் ஒலிதான். ராக், பாப் வகைகளுக்குப் பொருத்தமாக இருக்கிறது. மெல்லிய தாலாட்டுப் போன்ற பாட்டுக்கு முரட்டுத்தனமாகப் படும். ஒரு மைக்கை மட்டும் தனியே எடுத்து மாற்றும் வசதியை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

3. டிரம்கிஸ்மோ

இதுவும் இலவசம், திறந்த மூலம். ஆனால் முதலிரண்டுக்கும் நேர் எதிர். இன்ஸ்டால் செய்ததும் எந்த ஒலியும் வராது. பயந்துவிடாதீர்கள். டி.ஆர்.எஸ். கிட், க்ரோசெல் கிட் போன்ற டிரம் செட்களைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும். அவை பெரிய பைல்கள். பொறுமையும் தடையில்லாத இன்டர்நெட்டும் வேண்டும். பிறகு கிட் பைலைக் காட்ட வேண்டும். எந்த எண்ணுக்கு எந்த டிரம் என்று சொல்லும் மிடிமேப் பைலையும் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் மௌனம்தான்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனி வழியாக வெளியே வருகிறது. கிக் மைக்கை ஒரு டிராக்கிலும், மேலே தொங்கும் மைக்குகளை வேறொரு டிராக்கிலும் வைத்து, ஸ்டுடியோ இன்ஜினியர் போலவே மிக்ஸ் செய்யலாம். ஒரே வெலாசிட்டி இரண்டு முறை வந்தாலும், அந்தப் பலத்துக்கு அருகில் உள்ள சாம்பிள்களில் இருந்து மாற்றி மாற்றி எடுக்கிறது. எனவே சமமான அடிகள் கொண்ட முதல் பைல்கூட இதில் கொஞ்சம் உயிரோடு இருந்தது. ஆனால் ஒலி பச்சையாக, எந்த ஒப்பனையும் இல்லாமல் வரும். மிக்ஸிங் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இது பாடசாலை. அவசரக்காரருக்குத் தலைவலி. தயார் தாளங்களும் கிடையாது.

4. ஈஸிடிரம்மர் 3

ஸ்வீடனின் டூன்டிராக் நிறுவனம் 2006ல் முதல் ஈஸிடிரம்மரை வெளியிட்டது. இப்போதைய மூன்றாம் பதிப்பு 2022ல் வந்தது. கட்டண சாப்ட்வேர். தனியாகவும் ஓடும், பிளக்-இன்னாகவும் ஓடும். பெரிய ஸ்டுடியோக்களில் பதிவான பல செட்கள், ஏராளமான தயார் தாளங்கள், தாளத்தைத் திருத்த எடிட்டர் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இதில் என்னைக் கவர்ந்தது பேண்ட்மேட் என்ற வசதி. நீங்கள் வாசித்த கிட்டார் அல்லது கீபோர்டு பதிவை அதில் இழுத்துப் போட்டால், அதன் நடைக்குப் பொருந்தும் தாளங்களைத் தேடி எடுத்துத் தருகிறது. சொல்வதெல்லாம் பொருந்திவிடும் என்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான தாளங்களில் நீங்களே தேடும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது பைலை ஓட்டியபோது, 30 அளவிலான மெல்லிய ஸ்னேர் அடிகள் குச்சி தோலில் உருள்வது போல அழகாகக் கேட்டன. மெல்லிய அடிகளுக்கென்றே தனியாகப் பதிவு செய்த சாம்பிள்கள் இருப்பதன் பலன் அது.

கட்டண வரிசையில் 2014ல் வந்த எக்ஸ்.எல்.என். ஆடியோவின் அடிக்டிவ் டிரம்ஸ் 2, 2013ல் வந்த பி.எப்.டி.3 ஆகியவையும் பெயர் பெற்றவை. மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எதையும் தேடுவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில் உள்ள டிரம்மர் வசதியை முயன்று பார்க்கவும்.

நண்பர் என்ன சொன்னார்?

எட்டு பைல்களையும் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சமமான அடிகள் கொண்ட பைல் ஒன்று ஓடும்போது, "ஏம்ப்பா, இந்த ஆளுக்குக் கையே வலிக்காதா?" என்றார். அது விலை கொடுத்து வாங்கிய சாப்ட்வேரின் ஒலி. இன்னொரு பைலில் தானாகத் தலையாட்டத் தொடங்கிவிட்டார். "இது வாசிக்கிற ஆளு. கொஞ்சம் பழைய செட், அவ்வளவுதான்" என்றார். அது ஹைட்ரஜனில் வெலாசிட்டி திருத்திய பைல்.

கடைசியில் அவர் போட்ட வரிசையில் முதல் நான்கு இடங்களையும் பிடித்தவை ஏற்ற இறக்கம் உள்ள இரண்டாவது வகை பைல்கள்தான். அவற்றுக்குள் ஈஸிடிரம்மரும் டிரம்கிஸ்மோவும் முன்னே நின்றன, ஹைட்ரஜன் நான்காவது. ஆனால் அந்த நான்காவதுகூட, கட்டண சாப்ட்வேரில் சமமாக ஓடிய பைலுக்கு மேலேதான் இருந்தது. ஒருவர் காது, ஒரு தாளம் என்பதால் இதைப் பெரிய ஆராய்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதியவர் பணத்தை எடுப்பதற்கு முன் யோசிக்க இது போதும். நல்ல சாம்பிள், நன்றாக எழுதிய தாளத்தை இன்னும் நன்றாக ஒலிக்கச் செய்யும். மோசமாக எழுதிய தாளத்தை அது காப்பாற்றாது.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். இவையெல்லாம் வந்துவிட்டால் டிரம்மர்களின் பிழைப்பு என்னாவது? சிரித்தார். "எட்டு பார் எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. அவர் அதை 19 விநாடியில் வாசித்துவிடுவார். கூடவே, பாடகர் மூச்சு வாங்கினால் தானும் அடக்கி வாசிப்பார். கல்யாண வரவேற்பில் கூட்டம் எழுந்து ஆடினால் வேகத்தைக் கூட்டுவார். இது எந்த வெலாசிட்டி கோட்டிலும் இல்லை.

இசை உலகில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஸ்வீடனின் மெஷுக்கா என்ற ராக் குழு 2005ல் வெளியிட்ட கேட்ச் தர்ட்டித்ரீ ஆல்பத்தில், டிரம்ஸை நேரடியாக வாசிக்காமல் கம்ப்யூட்டரில் எழுதினார்கள். பயன்படுத்தியது டூன்டிராக்கின் டிரம்கிட் ப்ரம் ஹெல் என்ற ஒலித் தொகுப்பு. அதில் இருந்த அடிகளோ அந்தக் குழுவின் டிரம்மர் தாமஸ் ஹாக்கே வாசித்துப் பதிவு செய்தவை! 2008ல் வந்த அடுத்த ஆல்பத்தில் அவர் மீண்டும் குச்சியைக் கையில் எடுத்தார். கம்ப்யூட்டரில் எழுதும் தாளத்துக்குப் பின்னாலும் டிரம்ஸ் தெரிந்த ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உயிருள்ள தாளம் எழுத ஐந்து வழிகள்

1. டிரம்மருக்கு இரண்டு கைகள், இரண்டு கால்கள். ஹை-ஹேட், ஸ்னேர், க்ராஷ் மூன்றையும் ஒரே நேரத்தில் குச்சியால் அடிக்க முடியாது. உங்கள் கட்டத்தில் அப்படி விழுந்திருந்தால் ஒன்றை அழியுங்கள். இந்த ஒரு திருத்தமே பாதி வேலையைச் செய்துவிடும்.

2. ஹை-ஹேட்டில் பலம், மெது, நடுத்தரம், மெது என்று மாற்றுங்கள். எண்களை அப்படியே நகல் எடுக்காமல் இரண்டு மூன்று புள்ளி கூட்டியும் குறைத்தும் வையுங்கள்.

3. எல்லா அடியையும் 127ல் வைக்காதீர்கள். பலமான அடிக்கு 110 போதும். மேலே கொஞ்சம் இடம் இருந்தால்தான் பல்லவி உச்சத்துக்குப் போகும்போது ஏற்ற முடியும்.

4. நேரத்தை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டும். 100 வேகத்தில் ஹை-ஹேட் அடிகளுக்கு இடையே இருப்பது 150 மில்லி விநாடி. ஸ்னேரை 5 முதல் 10 மில்லி விநாடி பின்னால் தள்ளினால் சாவகாசமான நடை கிடைக்கும். 30 தள்ளினால் தாளம் தப்பியதாகவே கேட்கும்.

5. பாட்டு முழுவதும் ஒரே பேட்டர்னை ஒட்டாதீர்கள். நான்கு அல்லது எட்டு பாருக்கு ஒரு முறை சிறு மாற்றம் செய்யுங்கள். சில இடங்களில் டிரம்ஸை நிறுத்தியே வையுங்கள். மௌனமும் தாளம்தான்.

பறையும் தவிலும் கிடைக்குமா?

நம் வாசகர்கள் பலருக்கு எழும் கேள்வி இது. மேலே சொன்ன சாப்ட்வேர்கள் மேற்கத்திய டிரம்ஸ் செட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆனால் ஹைட்ரஜனில் உங்கள் சொந்த சாம்பிள்களைக் கொண்டு ஒரு செட் உருவாக்கலாம். தெரிந்தவரிடம் பறையோ டோலக்கோ இருந்தால், அமைதியான அறையில் ஒவ்வொரு அடியையும் மூன்று பலங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச எடிட்டரில் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டி, வேவ் பைல்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனின் இன்ஸ்ட்ருமென்ட் எடிட்டரில் லேயர் பகுதிக்குப் போய், மெல்லிய அடியை வெலாசிட்டி அளவின் கீழ்ப்பகுதிக்கும் பலமானதை மேல்பகுதிக்கும் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பறை உங்கள் கம்ப்யூட்டரில் தயார்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிருதங்கத்தின் இடந்தலையில் கையை அழுத்தி இழுக்கும்போது தொனி வளைந்து ஏறுமே, அதை ஒற்றை சாம்பிளால் காட்ட முடியாது. ஒவ்வொரு வளைவையும் தனி சாம்பிளாகப் பதிவு செய்தாலும், வாசிப்பவர் அந்த நொடியில் தீர்மானிக்கும் வளைவு அதில் வராது. எனவே அடித்து விடும் கருவிகளில் இருந்து தொடங்குங்கள்.

கிராக் சி.டி. வேண்டாம்

விலை உயர்ந்த டிரம் சாப்ட்வேரை 'கிராக்' செய்து தருகிறேன் என்று யாராவது பென் டிரைவை நீட்டினால் வாங்காதீர்கள். பிளக்-இன் என்பது வெறும் ஒலி பைல் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் முழு புரோகிராம் அது. பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அதுவே எச்சரிக்கை மணி. பாடுபட்டு எழுதிய பாட்டுகளும் வீட்டுப் புகைப்படங்களும் ஒரே இரவில் போய்விடலாம். மூன்று நல்ல இலவச சாப்ட்வேர்கள் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

முடிவாக

உடனே ஒரு பாட்டுக்குத் தாளம் வேண்டும், டிரம்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் எம்.டி. பவர் டிரம் கிட் 2. தாளம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும், கம்ப்யூட்டரும் பழையது என்றால் ஹைட்ரஜன். மிக்ஸிங் பழக ஆசை, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் மனதில் பொறுமையும் இருந்தால் டிரம்கிஸ்மோ. நிறையப் பாட்டுகள் செய்கிறீர்கள், நேரம்தான் குறைவு என்றால் ஈஸிடிரம்மர் 3க்குச் செலவிடலாம்.

என் யோசனை இது. இரண்டு மாதம் ஹைட்ரஜனில் மட்டும் எழுதுங்கள். டிரம்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். நீங்கள் எழுதும் எல்லாத் தாளத்தையும் மிடி பைலாக ஒரு போல்டரில் சேர்த்து வாருங்கள். பிறகு எந்த சாப்ட்வேர் வாங்கினாலும் அந்த பைல்கள் அப்படியே அதில் ஓடும். உழைப்பு ஒன்றும் வீணாகாது. இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு ஹை-ஹேட்டை மட்டும் கவனித்துக் கேளுங்கள். எந்த அடி பலம், எந்த அடி மெது என்று விரலால் மேஜையில் தட்டிப் பாருங்கள். பிறகு ஹைட்ரஜனைத் திறந்து முதல் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள்.